மாடத்துக்குப் பின்னால் நின்றவர்

குரஹாஷி தெய்ஸோ ஐம்பத்திரண்டு வருஷமாகச் செத்தே சோறு தின்றவர். சாமுராய்ப் படத்தில் கதாநாயகன் வாளை உருவினால் முதலில் சுருண்டு விழுவது அவர்தான். முகம் ஊருக்கே தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. கொடுமைதான், என்ன செய்ய?

எழுபத்தாறு வயதில், தொலைக்காட்சியின் காலைத் தொடரில் 'அப்பா' வேடம் என்று கூப்பிட்டபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கியோட்டோ ஸ்டுடியோவுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கதை தொடங்கும் முன்பே அப்பா காலி. பூஜை மாடத்தில் வைக்க ஒரு போட்டோ போதும்.

"எடுத்தாச்சுய்யா, நீங்க கிளம்பலாம்" என்றார் இயக்குநர் இனுகாய்.

"தினமும் வந்து ஓரமா நின்னுக்கிறேனே சார். பாவம், மகளா நடிக்கிற பொண்ணு, வெறும் படத்தோட பேசணும். மாடத்துக்குப் பின்னாடி நான் நின்னா, ஆளைப் பாத்துப் பேசற மாதிரி இருக்கும்."

"சரி, நில்லுங்க. ஆனா மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது."

"செத்தவனுக்கு ஏது சார் மூச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேச்சுக்கு நாலு பேர் சிரித்து எத்தனை காலமாயிற்று! மனைவி சதோயே இறந்து ஒன்பது வருஷம். ஊறுகாய்க் கடை வேலை முடிந்து வருபவள், வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வந்துட்டேங்க" என்பாள். "வந்துட்டியா, வா" என்பார் இவர். அதைச் சொல்லாமல் அவள் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை, பதில் சொல்லாமல் இவரும் இருந்ததில்லை.

இரண்டு வாரம் வாய் திறக்காமல் நின்றார். அன்று, டோக்கியோ போன மகள் வீடு திரும்பும் காட்சி. மகளாக நடித்த ஹினாகோ ஊதுவத்தி ஏற்றி, கைகூப்பி நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பா, வந்துட்டேன்."

"வந்துட்டியா, வா" என்றது மாடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கட்!"

இத்தனை வருஷத்தில் ஒரு ஷாட்டைக்கூடக் கெடுத்தவரில்லை தெய்ஸோ. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னய்யா இது! அந்தக் கண்ணீரை மறுபடி எங்கேருந்து கொண்டு வர்றது?" இனுகாய் கத்தினார். கிழவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்யா. படம் இருக்கு, அது போதும்."

ஹினாகோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் இடுப்பு வளைய வணங்கிவிட்டு வெளியேறினார்.

வசந்தத்தில் தொடர் ஒளிபரப்பானது. அந்தக் காட்சி வந்த காலையில் தெய்ஸோ சோற்றையும் மிஸோ சூப்பையும் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கறுப்பு ரிப்பனுக்கு நடுவே அவர் முகம். ஹினாகோ கைகூப்பினாள்.

"அப்பா, வந்துட்டேன்."

இங்கே கட் சொல்ல யார் இருக்கிறார்கள்? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா, வா. சாப்பிட்டியாம்மா?"

பெட்டிக்குள் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கேள்வி கேட்டுவிட்டோமே என்று, பாவம், மனிதர் கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தார்.