வாசித்துக் காட்டப்பட்டது

முப்பத்தோரு வருஷம் வக்கீலாக நின்ற கோர்ட்டில், செம்மல் அன்று சாட்சிக் கூண்டில் ஏறினார். கறுப்பு கவுனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். அது இல்லாமல் ஆள் பாதியாகிவிட்டது போலிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் தேவிப்ரியா முதலில் அவருடைய தொழிலைப் பற்றித்தான் விசாரித்தாள். சாருக்கு எத்தனை வருஷ அனுபவம், எத்தனை உயில் எழுதியிருப்பீர்கள் என்றாள். கேட்கவா வேண்டும்? அன்னவாசல் முதல் கீரமங்கலம் வரைக்கும் தன்னை உயில் வக்கீல் என்றுதான் சொல்வார்கள் என்றார் செம்மல். ஆயிரத்துக்கு மேல் எழுதியாயிற்று என்றார். தான் எழுதிய எதுவும் இதுவரை கோர்ட்டில் தோற்றதில்லை என்று, கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவைத்தார். அவள் எல்லாவற்றையும் மரியாதையாகப் பதிய விட்டாள்.

பிறகு இன்னாசியம்மாளின் உயிலை அவர் கையில் கொடுத்தாள்.

இன்னாசியம்மாள் கீரமங்கலத்தில் பூ விற்றவள். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. கல்யாணம்கூடக் கட்டாமல் தன்னைப் பார்த்துக்கொண்ட மகள் மோகனப்ரியாவுக்கே வீடு என்று சொல்லித்தான் செம்மலிடம் வந்தாள். உயிலின் மூன்றாம் பாராவில் அப்படியே இருக்கிறது. ஆனால் கடைசிப் பாராவில், 'என் மகளுக்குச் செய்யவேண்டியதை முன்பே செய்துவிட்டபடியால் அவளுக்குப் பங்கில்லை, சொத்து முழுவதும் என் மகனையே சேரும்' என்று இருக்கிறது. அது வேறு யாருடைய உயிலிலோ இருந்த வரி. பழைய உயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெயரையும் சொத்தையும் மாற்றிக்கொள்வது செம்மலின் வழக்கம். அன்று ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. இந்த வரி தப்பி நின்றுவிட்டது. உயிலில் இரண்டு வரி முட்டிக்கொண்டால் பின்னால் இருப்பதுதான் செல்லும். அம்மா இறந்ததும் மகன் ஜெரால்டு அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டுவிட்டான்.

ஜெரால்டுக்காக வாதாடிய தேவிப்ரியா விஷயத்துக்கு வந்தாள். 'வாசித்துக் காட்டப்பட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார்' என்று உயிலின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, வாசித்துக் காட்டினீர்கள்தானே என்று கேட்டாள்.

ஆமாம் என்றால் கடைசி வரியும் இன்னாசியம்மாள் ஒப்புக்கொண்ட வரியாகிவிடும். மோகனப்ரியா வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். இல்லை என்றால் உயிலே நிற்காது. பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி என்றாகும். ஆனால் இதே 'வாசித்துக் காட்டப்பட்டு' என்ற வரிதானே அந்த ஆயிரம் உயிலின் அடியிலும் இருக்கிறது? இத்தனை பெருமை அடித்துக்கொண்ட மனுஷன் இல்லை என்று எப்படிச் சொல்வார்? அதற்குத்தான் அவள் அவரைப் பேசவிட்டிருந்தாள்.

செம்மல் கடைசி பெஞ்சைப் பார்த்தார். மோகனப்ரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நம்பிப் பார்த்தாள்.

வாசிக்கவில்லை என்றார். ஜட்ஜ் உரக்கச் சொல்லச் சொன்னார்.

"அந்தம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டலைங்க. சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல இருந்தேன்."

டைப்பிஸ்ட் சாப்பாட்டு அவசரத்தையும் சேர்த்து அடித்தார். பழகிய வக்கீல்கள் எல்லாரும் திடீரென்று வழக்குக் கட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார்கள். செம்மலுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வராண்டாவில் மோகனப்ரியாவுக்காகக் காத்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் நின்றார். வாயில் வந்தது வேறு. படித்த பிள்ளைதானே, அம்மா இருந்தபோதே ஒரு தடவை உயிலைப் பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார்.

"பிரிக்கத்தாங்க போனேன். அம்மா விடல," என்றாள் அவள். "வக்கீலய்யா எழுதுனத நாம பிரிச்சுச் சரிபாத்தா, அவர நம்பலைன்னு ஆயிரும்னுச்சு. பீரோவுல வச்சுப் பூட்டிருச்சுங்க."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாரேங்கய்யா என்று எப்போதும் போல மரியாதையாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.