கலங்கல்மேல் மணல் மூட்டை

நரியோடை அணையில் தண்ணீர் நின்று ஆறு வருஷம் ஆயிற்று. அதனால் இந்த ஐப்பசியில் அது நிரம்பத் தொடங்கியதும் ஊருக்கே தலைகால் புரியவில்லை. அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூருக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் காட்டோடையை மறித்து, வெள்ளம் ஒரேயடியாகக் கீழே பாயாமல் இருக்கக் கட்டிய ஒரு மண்கரை. நடுவில் மதகு, ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கருங்கல் கலங்கல். அவ்வளவுதான். அது வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது என்பதே ஊரில் யாருக்கும் நினைவில்லை. கிணறு ஊறுகிறதா, அது போதும்.

உதவிப் பொறியாளர் பூங்குழலிக்கு அந்த நினைவு இருந்தது. சம்பளமே அதற்குத்தானே! புதன்கிழமை காலை ஸ்கூட்டரில் வந்தவள் கரையின் அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தாள். மதகை ஒட்டி நீர் கசிந்துகொண்டிருந்தது. மண்கரை என்றால் கசியத்தான் செய்யும், அதில் பயமில்லை. ஆனால் போன வாரம் தெளிவாக வந்த நீர் இன்று செம்மண் கரைசலாக வந்தது. கரை மண் உள்ளுக்குள்ளேயே அரிபட்டு வெளியே வருகிறது என்று அதற்கு அர்த்தம். ராத்திரி கனமழை என்று காலையிலிருந்தே டி.வி.யில் கத்திக்கொண்டிருந்தார்கள். கரைக்கு நேர் கீழே ஓடைத்தெரு. ஷூ கம்பெனிக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் போகிறவர்களின் வீடுகள், நாற்பதுக்குக் குறையாது.

மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்கலாம் என்றால் ஷட்டரின் கம்பி வளைந்து துருப்பிடித்துக் கிடந்தது. கலங்கல் வழியாகவாவது போகட்டும் என்று அங்கே போய்ப் பார்த்தால், ஊர்க்காரர்கள் அதன்மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கித் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். வழிந்து போகவேண்டிய தண்ணீரெல்லாம் கரையின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், லீக்ல மண்ணு வருது. உடனே மட்டத்த கம்மி பண்ணணும் சார்."

"ஷட்டருக்குத்தான் எஸ்டிமேட் அனுப்பிட்டமேம்மா."

"எஸ்டிமேட்டா சார் வந்து தண்ணி எறைக்கும்? டேம் சேஃப்டி டீம வரச் சொல்லுங்க சார்."

"அவங்க பெரிய டேமுக்குத்தாம்மா வருவாங்க. நம்மளுது அந்த உயரத்துக்கு வரல. சட்டப்படி அது டேமே இல்ல."

"அப்ப ஏரி செக்‌ஷன்ல சொல்லுங்க."

"அவங்க இத டேம்னு சொல்றாங்களே." அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்களே பாத்து மேனேஜ் பண்ணுங்க. ஆனா தண்டோரா கிண்டோரா போட்டு கீழ இருக்கற ஜனங்கள பேஜார் பண்ணிடாதீங்க. பேப்பர்ல வந்தா எனக்குத்தான் போன் வரும்."

பாதுகாப்பு என்று கேட்டால் அது அணை இல்லை. பராமரிப்பு என்று கேட்டால் அது ஏரி இல்லை. உடைந்தால் மட்டும் அணை உடைந்தது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். பூங்குழலி பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பைக்குள் எறிந்தாள்.

மூட்டைகளுக்குக் காவலாகக் கலங்கல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் பச்சையப்பன், ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர். அணை நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தப் பக்கத்தில் கோடி போகிறது என்பார்கள். கோடி போகும் அன்று கலங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கிடா வெட்டி, பெரிய மனிதர் ஒருவரை அழைத்துத் தண்ணீரில் பூத்தூவ வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை ஒன்றியச் சேர்மன் வருகிறார். அவர் கண்ணெதிரே தண்ணீர் கொட்டவேண்டும், அதற்கு முன்னால் ஒரு சொட்டும் வழிந்துவிடக்கூடாது என்றுதான் இந்த மூட்டை ஏற்பாடு. பூங்குழலி மூட்டைகளை எடுக்கச் சொன்னாள்.

"இன்னா மேடம், வெளாட்றீங்களா? ஆறு வருஷமா காஞ்சி கெடந்தோம். வந்த தண்ணிய போ போன்னு தொரத்தச் சொல்றீங்க."

"கரை உள்ளுக்குள்ள கரையுதுண்ணா. ஒரு தபா கீழ எறங்கி வந்து பாருங்க."

"கசியாத கரை எங்க மேடம் இருக்குது? கட்டின நாள்லேர்ந்து கசியுது இது."

"ராத்திரி மழை ஜாஸ்தியா இருக்கும்றாங்க."

"வரட்டும்னுதான மூட்டையே அடுக்கினோம்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பூங்குழலி கெஞ்சினாள், சட்டம் பேசினாள், போலீசைக் கூப்பிடுவேன் என்றாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உச்சி வெயில் வந்துவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. அவர்களும் கெட்டவர்கள் இல்லை, காய்ந்த வயலைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு யோசனை வந்தது.

"சரிண்ணா, உங்க இஷ்டம். நான் வர்றேன். சேர்மன் எப்டியும் நாளைக்குப் புதுக்குட்டைக்குப் போய்டுவாரு. அங்க காலைல கோடி போவுதாமே."

சுத்தப் பொய். பக்கத்து ஊர் புதுக்குட்டை ஏரியில் எருமை முங்கக்கூடத் தண்ணீர் கிடையாது. ஆனால் புதுக்குட்டை என்ற பேரைக் கேட்டாலே இந்த ஊருக்கு ஆகாது. பச்சையப்பன் விருட்டென்று எழுந்தார்.

"யாரு சொன்னது?"

"ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

"அவனுங்க நமக்கு முன்னாடி பூஜ போடறதா? டேய், சேர்மனுக்குப் போன போடுங்கடா! இன்னிக்கே வரச் சொல்லு. கோடி போய்டுச்சுன்னு சொல்லு!"

காலையிலிருந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அசையாத மூட்டைகளை அவர்களே போட்டி போட்டுத் தூக்கிக் கரைமேல் குவித்தார்கள். தண்ணீர் ஹோவென்று கொட்டியது. பம்பைக்காரர்கள் வந்தார்கள், கிடா வந்தது. சாயங்காலத்துக்குள் மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது. கசிவில் செம்மண் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. பூங்குழலி அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி சேர்மன் மைக்கைப் பிடிக்கும்வரைதான் இருந்தது. பூத்தூவி முடித்தவர் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்து உருகினார். "இவ்ளோ தண்ணி வீணா போவுதே, எனக்கு மனசு கேக்கலிங்க. இந்தக் கலங்கல ரெண்டடி ஒசத்திக் கட்டித் தர்றது என் பொறுப்பு. இதோ, இந்தம்மாதான் அதுக்கு ப்ளான் போடப்போறாங்க!"

கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. அவள் தோளில் ஒரு சால்வையும் விழுந்தது. ஓடைத்தெருக்காரர்களும் கூட்டத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீரைக் குறைக்க அவள் சொன்ன பொய் கலங்கலை உயர்த்துவதில் போய் முடிந்திருக்கிறது.

சேர்மன் கார் கிளம்பிய புழுதி அடங்கவில்லை. பச்சையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "மூட்டையத் திருப்பி அடுக்குங்கடா. சேர்மனே சொல்ட்டாரு, தண்ணி வீணா போவக்கூடாதுன்னு."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பூங்குழலிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சால்வையைக் கீழே வீசினாள்.

"அடுக்குங்க! நல்லா அடுக்குங்க! ராத்திரி கரை ஒடையட்டும். காலைல ஓடைத்தெரு இருக்காது, ஒரு வீடு இருக்காது. அப்பவும் பூத்தூவ யாரையாவது கூப்புடுங்க!"

பம்பை நின்றுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். ஷிப்ட் முடிந்து அப்படியே தண்ணீர் பார்க்க வந்தவள், கழுத்தில் ஷூ கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. அதில் சுகரா பேகம் என்றிருந்தது.

"இன்னா சொன்னீங்க மேடம்? எங்க தெருவா?"

"ஆமாம்மா. கரை உள்ள அரிச்சிக்கிட்டிருக்குது."

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"காலைலேர்ந்து."

சுகரா பேகம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைல கரைலேர்ந்து எறங்கி வந்து எங்க தெரு முனைலதான நின்னு டீ குடிச்சீங்க? நான் வேலைக்குப் போறப்ப பாத்தனே."

பீதி கிளப்பக்கூடாது என்று மேலே சொன்னார்கள் என்று பூங்குழலி சொல்ல நினைத்தாள். ஆபீசோடு சண்டை போட்டாள், ஊரோடு மல்லுக்கட்டினாள், பொய்கூடச் சொன்னாள். ஓடைத்தெருவைத் தாண்டித்தான் இரண்டு தடவை வண்டியில் போய் வந்தாள். ஒரு கதவைக்கூடத் தட்டத் தோன்றவில்லை. மேலே இருப்பவர் தடுக்காமல் இருந்திருந்தாலும் தோன்றியிருக்குமா என்று யோசித்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

சுகரா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனில் உருதுவிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஓடைத்தெருவே கரைமேல் ஏறி வந்தது. ஷூ கம்பெனிக்காக வீட்டிலேயே செய்யும் பீஸ் வேலைக்கு யாரோ வைத்திருந்த தோல் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்திருந்தார்கள். சுகரா அதை வாங்கி, குவிந்திருந்த மூட்டைகளில் முதலாவதை ஒரே இழுப்பில் கிழித்தாள். மணல் சரிந்தது.

"யம்மா, சாக்கக் கிழிக்காதம்மா!" என்று பச்சையப்பன் ஓடி வந்தார்.

"உங்க கெணறு ஊற வேணாம்னு சொல்லலண்ணா. எங்க புள்ளைங்க மேலயா ஊறணும்?"

பச்சையப்பன் ஒதுங்கி வழிவிட்டார். ஒரு மூட்டைகூட மிச்சமில்லாமல் கிழித்துப் போட்டார்கள். முதல் தூறல் விழுந்தது.

பூங்குழலி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து சுகரா கூப்பிட்டாள்.

"எங்க கெளம்பிட்டீங்க? எங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு இன்னும் இன்னா இன்னா தெரியும்? அதெல்லாத்தையும் சொல்ட்டுப் போங்க மேடம்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. பூங்குழலி ஹெல்மெட்டைக் கழற்றினாள். தெருவே அவளைச் சுற்றி வந்து நின்றது. மழையில் நின்றபடியே, துருப்பிடித்துத் திறக்காத ஷட்டரிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.