அம்பதடியார்

பூமித்தாயின் கருவறைக்குள் வெளிச்சம் பாய்ச்சி, கோடி ஆண்டுகளாக அவள் பொத்தி வைத்திருக்கும் ரகசியத்தை மனிதகுலத்தின் கையில் ஒப்படைப்பவனே டிரில்லிங் இன்ஜினியர். கல்யாண வரவேற்பில், ரயில் பெட்டியில், பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பு, நம் இன்ஜினியர் தன்னை இப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்வார். ஆனால் அந்தத் தொழிலில் முக்கால்வாசி, குழாய் எண்ணுவது.

எண்ணெய்க் கிணறு எத்தனை அடி போயிருக்கிறது என்று உள்ளே இறங்கிப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஒரு குழாய் சுமார் முப்பத்தோரு அடி. ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் நம்பர் போட்டு, நோட்டில் எழுதிவிட்டு, ஒன்றின் தலையில் ஒன்றைத் திருகி இறக்க வேண்டும். நோட்டைக் கூட்டினால் வருவதுதான் ஆழம். கருவறை, ரகசியம் எல்லாம் அந்தக் கூட்டலுக்கு அப்புறம் வருகிற சமாச்சாரம்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கிணறு. எங்கே தோண்டுவது, எத்தனை அடியில் எண்ணெய் என்று குறித்துக் கொடுத்தவர் கம்பெனியின் ஜியாலஜிஸ்ட். இன்ஜினியருக்கு அவர் அக்கா புருஷனும்கூட. அத்தான் அந்தக் காலத்தில் எண்களாகவே பேசுவார். "எப்ப வருவீங்க?" என்றால் "ஆறு இருபதுக்கு" என்பார், ஆறு இருபதுக்கு வந்தும் நிற்பார். அந்தக் கிணற்றுக்கும் அப்படியே சொன்னார்: "ஒன்பதாயிரத்து இருநூறு அடி. பத்தடி இப்படி அப்படி இருக்கலாம்."

நோட்டில் ஒன்பதாயிரத்து இருநூற்று இருபது வந்துவிட்டது. எண்ணெய் வரவில்லை. பொட்டு ஈரம்கூட இல்லை.

கேபிளில் கருவியைக் கட்டி இறக்கி அளவு பார்க்கும் ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "சார், நீங்க சொல்ற ஆழத்துக்கும் என் கேபிளுக்கும் முப்பதடி இடிக்குது. எனக்குக் கம்மியா காட்டுது."

"கேபிள் இழுபட்டு நீளும் தம்பி. இரும்பு நீளுமா? என் நோட்டுல இருக்கறத எழுதிக்க."

அவன் எழுதிக்கொண்டான். அவனுக்கும் சாப்பாட்டு நேரம்.

அத்தான், கிணறு தோண்டுகிற ரிக் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார். "இன்னும் ஒரு அம்பதடி போய்ப் பார்க்கலாமே" என்றார். கேட்ட மாதிரி இல்லை, கெஞ்சின மாதிரி இருந்தது.

சுற்றிலும் பதினைந்து பேர். இன்ஜினியருக்கு நாக்கு துறுதுறுத்தது. "அம்பதடி என்ன அத்தான் அம்பதடி. இன்னும் அம்பதடி போனா பூமிக்கு அந்தப் பக்கம் எவன் வீட்டுத் தரையையாவது பொத்துக்கிட்டு நிப்போம். அவன் ஒட்டடைக் குச்சியோட வருவான்."

சிரிப்பில் ரிக்கே அதிர்ந்தது. அத்தானும் சிரித்தார், வேறென்ன செய்வார். கிணற்றில் சிமெண்டைக் கொட்டி மூடினார்கள். சாயங்காலத்துக்குள் அத்தானுக்கு 'அம்பதடியார்' என்று பட்டம் வந்துவிட்டது. பட்டத்தைச் சூட்டியவர் மச்சினரான இன்ஜினியர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பட்டம் தங்கிவிட்டது, பதவி தங்கவில்லை. அதற்கு அப்புறம் அத்தான் குறித்துக் கொடுத்த இடத்தில் ஒரு குழிகூட வெட்டவில்லை. அவரை ஆவண அறைக்கு மாற்றினார்கள். பழைய வரைபடங்களுக்கு லேபிள் ஒட்டினார். எண் சொல்வதையே விட்டுவிட்டார். "உங்க அத்தான்கிட்ட மணி கேட்டா, வாட்ச் கட்டின கையைத்தான்டா நீட்டறார்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, பக்கத்து வயலில் வேறொரு கம்பெனி தோண்டியது. அத்தான் சொன்ன அதே ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. செய்தி வந்த அன்று இன்ஜினியர் பரண்மேல் ஏறிப் பழைய நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தின் கடைசி வரி: குழாய் 188. அடுத்த பக்கத்தின் முதல் வரி: குழாய் 188. நடுவில் என்ன நடந்தது என்று நன்றாகவே நினைவிருந்தது. ரிக்கைச் சுற்றிப் பார்க்க விருந்தினர்கள் வந்திருந்தார்கள். பேனாவை மூடிவிட்டு, பூமித்தாயின் கருவறையைப் பற்றிப் பத்து நிமிடம் அவர்களுக்கு விளக்கினார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எழுதினார். விட்ட இடம் எது என்பதில்தான் சிக்கல்.

இல்லாத ஒரு குழாய். முப்பத்தோரு அடி. அத்தான் சொன்ன ஆழத்தை அவர்கள் தொடவே இல்லை. பதினோரு அடி மேலேயே நின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நோட்டைச் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். சொல்லலாம் என்று போனபோது அக்கா பக்கத்தில் இருந்தாள். அக்கா இல்லாதபோது அத்தானுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. இப்படியே ஆறு வருடம் ஓடி, அத்தானுக்குப் பிரிவு உபசார விழாவே வந்துவிட்டது. வாழ்த்திப் பேச மச்சினரைக் கூப்பிட்டார்கள். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை. பட்டம் சூட்டிய அதே கூட்டத்தின் முன்னால் பட்டத்தை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

முதலில் எழுதியது இதுதான்: 'தப்பு என்னுடையது. ஒரு குழாயை இரண்டு தடவை எண்ணினேன்.'

படித்துப் பார்த்தார். மேடைக்கு இது மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றியது. 'தப்பு' என்பதை 'பிழை' ஆக்கினார். பிழை சற்று உறுத்தியது, 'வேறுபாடு' ஆயிற்று. 'எண்ணினேன்' என்பது 'எண்ணப்பட்டது' ஆனபோது 'நான்' உட்கார இடமில்லாமல் தானாக எழுந்து போய்விட்டது. குழாய் கொச்சையாகப் பட்டது, அதையும் எடுத்தார். கடைசியில் நின்றது: 'அன்றைய ஆழ அளவீட்டு நடைமுறைகளில் ஓரளவு வேறுபாடு நேர்ந்திருக்கக்கூடிய சாத்தியக்கூறு முற்றிலும் மறுப்பதற்கில்லை என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.'

மனைவியிடம் படித்துக் காட்டினார்.

"ஏங்க, இதுல யாரு என்ன பண்ணாங்கன்னே தெரியலையே."

"அதுதான் ஆபீஸ் நடை."

"தெரிஞ்சுடக் கூடாதுங்கறதா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மாலை நான்கு மணிக்கு விழா. டைரக்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம அம்பதடியார்" என்று ஆரம்பித்தார். அரங்கம் கலகலத்தது. முன்வரிசையில் அத்தான் வழக்கம்போலச் சிரித்தார். பக்கத்தில் அக்கா சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

இன்ஜினியர் எழுந்தார். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு அந்த முதல் வரியைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார். ஏழே சொல்தான். 'தப்பு' வரை நாக்கு வந்தும் விட்டது. "தப்பாமல் வருகை தந்திருக்கும் பெரியோர்களே" என்று அதை வேறு வழியில் திருப்பிவிட்டார். பிறகு காகிதத்தைப் படித்தார். அந்த வாக்கியம் வந்ததும் குரல் தழுதழுத்தது. கூட்டம் பாசம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. அத்தானும் தட்டினார்.

முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அத்தான் அவர் தோளில் கை போட்டார். "நல்லா பேசினே. நடுவுல என்னமோ அளவுன்னியே, சரியா காதுல விழல. அந்தக் கிணத்தப் பத்தியா?"

அக்கா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"பொதுவா சொன்னேன் அத்தான்."

"அது என் கணக்குத்தான்டா. பக்கத்து வயல்ல இருக்கு, நம்ம கிணத்துல இல்லன்னா நடுவுல பாறை எங்கேயோ ஒடிஞ்சு நழுவியிருக்கணும். அந்த ஒடிசலை நான் பார்க்காம விட்டுட்டேன். இன்னமும் மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டுத் தேடறேன், கிடைக்க மாட்டேங்குது. உங்க அக்கா திட்டுவா." அத்தான் கார்க் கதவைத் திறந்தார். "இனிமே ஆபீஸ் இல்ல. நாள் பூரா தேடலாம்."

அத்தான் ஏறி உட்கார்ந்ததும் மச்சினர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்.

"நிதானமா தேடுங்க அத்தான்" என்றார் இன்ஜினியர்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், உங்க பேச்சைப் போடறோம். 'அளவீட்டு நடைமுறை'ன்னு வர்ற வாக்கியம் மட்டும் எங்க யாருக்கும் புரியல. என்ன சார் அது?"

"இடம் இல்லன்னா எடுத்துடுங்கம்மா."

"இடம் இருக்கு சார். புரிஞ்சா வச்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

"பரவாயில்ல, எடுத்துடுங்க."

அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. அந்த வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். அவர் நான்கு பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டார்.