பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதியவர்

1

இந்தக் கதை ஒரு பின்னூட்டத்திலிருந்து பிறந்தது. அந்தப் பின்னூட்டத்தைப் போட்டவன் நான். இரண்டே சொற்கள். அவை ஐந்தாம் பகுதியில் வரும். இப்போதே சொல்ல வாய் வரவில்லை.

நான் திகில் கதை வாசகன். இணையத்தில் 'பின்கழுத்து' என்று ஒரு குழு. பயம் வந்தால் முதலில் சில்லிடும் இடம் அதுதானே, அதனால் அந்தப் பெயர். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், மற்றவர்கள் படித்துவிட்டுக் கீழே கருத்துச் சொல்வோம். அங்கே பழகிய இரண்டு பெண்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், முகம் தெரியாத ஒரு பெண்—"

மழை பெய்யவில்லை. மாலையும் இல்லை. பகல் பதினொன்றரை மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். இந்த மாதிரிக் கதைகளைப் படித்துப் படித்து என் கை தானாகவே மழையை இழுத்துக்கொண்டு வருகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "கடைவாய் பல் செய்பவள்." சப்பென்று இருக்கிறது. ஆனால் உண்மை. இருக்கட்டும்.

2

கடைவாய் என்பது அவள் குழுவில் வைத்துக்கொண்ட பெயர். பல் செட் செய்யும் சின்ன லேப் ஒன்றில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியதும் மேலே மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடி சரியாக விழுகிறதா என்று தட்டிப் பார்ப்பாள். மேசை முழுக்க யார் யாருடைய வாயோ திறந்து கிடக்கும். "முகமே இல்லாம நாப்பது பேரு என்னைப் பாத்து இளிக்கறாங்க, எனக்கெதுக்குத் தனியாப் பேய்க்கதை?" என்று அவளே எழுதியிருக்கிறாள். ஆனாலும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன்.

அதே குழுவில் ஒட்டடை என்ற பெயரில் எழுதுகிறவள் அவளுடைய தோழி. நேரில் பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை. நான்கு வருடமாக எழுத்து மட்டும்தான். ஒட்டடை ஆச்சரியக்குறியே போடமாட்டாள், பயங்கரமான இடம் நெருங்க நெருங்க அவளுடைய வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே போகும் என்பதெல்லாம் கடைவாய்க்கு அத்துப்படி. ஒட்டடைக்குக் குழந்தை உண்டா என்பது தெரியாது.

[இடையில் ஒரு சந்தேகம். இதை நட்பு என்று சொல்லலாமா? என் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் எனக்குத் தெரியும், இருமல் தெரியும், செருப்பின் சத்தம்கூடத் தெரியும். அவர் எதற்குப் பயப்படுவார் என்று தெரியாது. ஒட்டடை எதற்குப் பயப்படுவாள் என்று கடைவாய்க்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள்.]

3

ஒட்டடை 'கதவுகள்' என்று ஒரு தொடர்கதை எழுதினாள். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு மாடி வீடு. முதல் அத்தியாயத்தில் கணவன் குளியலறைக் கதவைக் கழற்றுகிறான். பூச்சி அரித்துவிட்டது, புதுசு போடலாம் என்கிறான். புதுசு வரவில்லை. அடுத்து படுக்கையறைக் கதவு. அடுத்து அலமாரிக் கதவுகள். அவன் கத்தமாட்டான், அடிக்கமாட்டான். கழற்றும்போது, "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்று அன்பாகச் சொல்வான். மனைவி பக்கத்தில் நின்று ஆணிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வாள். பதினோராம் அத்தியாயத்தில் வீட்டுக்கே ஒரு கதவுதான் மிச்சம். வாசற்கதவு. அதற்கு ஒரே சாவி, அவனுடைய இடுப்பில்.

குழுவே ஆடிப்போனது. இப்படி ஒரு பயத்தை எங்கிருந்து பிடிக்கிறாள் இவள் என்று எல்லோரும் மாய்ந்துபோனோம். கடைவாய் மட்டும் நேர்மையான வாசகி. உண்மையான தோழி பொய்யாகப் புகழமாட்டாள் என்பது அவள் கட்சி. பதினோராம் அத்தியாயத்தின் கீழே இப்படி எழுதினாள்:

"கணவன் பாத்திரம் பிரமாதம். மனைவிதான் நம்பும்படி இல்லை. இத்தனை அத்தியாயமாக எதற்குக் காத்திருக்கிறாள்? அவன் ஒருநாள்கூடவா சாவியை மறக்கமாட்டான்? கிளம்பட்டும். கிளம்பினால்தான் கதை நகரும்."

ஒட்டடை பதில் போட்டாள்: "சரி. யோசிக்கிறேன்."

பிறகு ஒன்பது நாள் சத்தமே இல்லை. அடுத்த அத்தியாயத்தைச் செதுக்குகிறாள் என்று கடைவாய் நினைத்துக்கொண்டாள்.

4

பத்தாம் நாள், அந்தப் பதினொன்றரை மணி வெயிலில், லேப் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. கடைவாய் ஒரு கீழ்த்தாடையில் ஆறாவது பல்லை நட்டுக்கொண்டிருந்தாள்.

"பல் செட்டா? டாக்டர் சீட்டு இருக்கா?" என்றாள் நிமிராமலே.

"இல்லங்க. இங்க கடைவாய்ங்கறது..."

முதலாளி பாலிஷ் எந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "கடைவாயா? வலிக்குதுன்னா டாக்டர்கிட்டதான்மா போகணும். நாங்க செஞ்சு குடுக்கறதோட சரி."

கடைவாயின் கையிலிருந்து மெழுகுக் கத்தி நழுவி மேசையில் விழுந்தது.

"ஒட்டடை?"

அவள் தலையாட்டினாள்.

நான்கு வருடம் 'அடியே', 'போடி' என்று எழுதிக்கொண்டவர்கள். நேரில் பார்த்ததும் இரண்டு பேருக்கும் வாயில் 'நீங்க'தான் வந்தது. வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா. எப்படி இடம் தெரிந்தது என்று கேட்டதற்கு, லேப் பெயர்ப் பலகையில் 'பல் செட்' என்பதை 'பால் செட்' என்று எழுதியிருந்ததைப் படம் பிடித்துக் கடைவாயே ஒருமுறை அனுப்பினாள் என்றும், அதிலேயே தெருப் பெயர் இருந்தது என்றும் ஒட்டடை சொன்னாள்.

பிறகு, "நீங்கதான எழுதினீங்க? கிளம்பட்டும்னு" என்றாள்.

"நான்... அது கதைக்கு எழுதினதுங்க."

ஒட்டடை பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து, மாவுத் தாடைகளுக்கு நடுவே வைத்தாள். மூன்று இரும்பு ஆணிகள். விரல் நீளம் இருக்கும்.

"வாசக்கதவோட கீல் ஆணி. அவரு சாவிய மறப்பாருன்னு நீங்க சொன்னீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மறக்கல. அப்புறம்தான் தோணிச்சு, இத்தன கதவக் கழட்டறப்ப பக்கத்துல நின்னு ஆணிய வாங்கினவ நான்தான? எப்படிக் கழட்டறதுன்னு எனக்கே தெரியுமே. அவரு வேலைக்குக் கிளம்பினதும் கழட்டிட்டேன்."

"வாசக்கதவயா?"

"செவுத்துல சாத்தி வச்சிட்டு வந்தேன்."

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. "ஐயையோ, வீடு தொறந்தா கெடக்கு? எவனாவது பூந்துட்டா?"

"பூந்து, வேணுங்கறத எடுத்துக்கிட்டுப் போகட்டுங்க."

கடைவாய் மேசையில் கிடந்த மெழுகுக் கத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள். முதல் அத்தியாயத்துக்குத் தான் போட்ட பின்னூட்டம் நினைவுக்கு வந்தது: 'குளியலறைக் கதவா! எங்கிருந்துடி யோசிக்கிறே!' நான்காவதுக்குப் போட்டது: 'இன்னும் கொஞ்சம் பயம் கூட்டலாம்.' அன்றைக்கு ஒட்டடை எந்த அறையில், எந்தக் கதவில்லாத அறையில் உட்கார்ந்து அதைப் படித்திருப்பாள்?

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள். 'நீங்க' போய்விட்டிருந்தது.

"சொன்னேனே. பதினோரு தடவ சொன்னேன்."

5

(இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எவ்வளவு குறைவாக எழுதினாலும் கூடிவிடுகிறது. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.)

ஒட்டடை போனைக் கொண்டுவரவில்லை. அது எங்கே போனாலும் கணவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். முதலாளி வாங்கிவந்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு இருக்கும். கடைவாயின் போன் மேசையில் அதிர்ந்தது.

'ஒட்டடை புதிய அத்தியாயம் பதிவிட்டிருக்கிறார்.'

கடைவாய் திரையைப் பார்த்தாள். எதிரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். போனை அவள் பக்கம் தள்ளினாள்.

"அவள் கதவைக் கழற்றிவிட்டுப் போயிருந்தாள். அவன் அதை மாட்டவில்லை. வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவளுக்குப் போக இடமில்லை. அவனுக்குத் தெரியும். அவன் காத்திருந்தான். அவள் வருவாள்."

ஆச்சரியக்குறி இல்லை. முடிவை நெருங்க நெருங்க வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே போயின.

ஒட்டடை முழுவதையும் படித்தாள். டீக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் சாப்பிட வந்திருப்பாரு. போன் அடுப்படியிலதான் கெடக்கு. நான் எழுதறது அவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லா எழுதியிருக்காரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பற்கள் கிட்டித்துக்கொண்டன.

அதற்குள் தனிச்செய்தி ஒன்று கடைவாய்க்கு வந்தது. அதே கணக்கிலிருந்து. "உன்ன நேர்ல பாக்கணும்போல இருக்குடி. லேப் எந்தத் தெருவுல?"

அந்த 'டி'யைக் கடைவாய் விரலால் மறைத்தாள். உடனே நினைவு வந்தது: பெயர்ப் பலகைப் படம். அது அந்த உரையாடலிலேயே, மேலே எங்கோ இருக்கிறது. இன்னும் அவன் அவ்வளவு தூரம் போகவில்லை. நான்கு வருடப் பேச்சை அவள் கட்டை விரலால் மேலே மேலே தள்ளினாள். கேலிகள், கதைகள், பிறந்தநாள் வாழ்த்துகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. அவனும் அந்த நேரத்தில் மறுமுனையில் இதே பேச்சுக்குள் ஏறிக்கொண்டிருப்பானோ? 'பால் செட்' வந்தது. இரண்டு பேருக்கும் அழி என்பதை அழுத்தினாள்.

பிறகு ஒட்டடை, தன் கணக்கு அவன் கையில் இருப்பதால், லேப் கணினியில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கீழே எழுதினாள்:

"இதை எழுதியது நான் இல்லை. என் கணவர். கதவுகள் கதை இல்லை. என் வீடு. நான் வெளியே வந்துவிட்டேன்."

ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'அடேயப்பா, கதைக்குள்ளேயே கதாசிரியரை இறக்கிவிட்டார்!' 'இந்தத் திருப்பத்தை எதிர்பார்க்கவே இல்லை.' 'கணவரும் கணக்குத் தொடங்குவாரா, ஆவலுடன் காத்திருக்கிறேன்.'

நான் எழுதியது: "உத்தி அபாரம்."

முப்பத்தோரு பேர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள். கணவன் கையில் இருக்கும் ஒட்டடையின் பழைய கணக்கிலிருந்தும் ஒன்று.

6

கதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு முடிவில் கணவன் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்து வாசலில் போட்டு உட்காருகிறான். மூன்று பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. எழுதும்போது எனக்கு உற்சாகமாக இருந்ததைக் கவனித்ததும் அருவருப்பாகிக் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. பதில்களைப் பார்த்த கடைவாய் பன்னிரண்டு அத்தியாயங்களையும் அச்செடுத்துவிட்டுக் கணினியை அணைத்தாள். அந்தத் தாள்களோடு, முதலாளியின் வண்டியிலேயே ஒட்டடையைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். பெண் அதிகாரி ஒருவர் இருந்தார்.

"கை நீட்டுவாரா?"

"இல்லங்க."

"குடியா?"

"தொடமாட்டாருங்க."

"அப்புறம் என்னதான்மா பண்றாரு?"

"கதவக் கழட்டுவாரு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அந்த ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது என்று கடைவாய் நினைத்தாள். ஒட்டடை குனிந்த தலை நிமிரவில்லை. கடைவாய் தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், இதக் கதைன்னு நெனச்சுதான் நானும் படிச்சேன். தப்பு கண்டுபிடிச்சேன். அவ ஏன் கிளம்பலைன்னு கேட்டேன். நீங்க கதையாப் படிக்காதீங்க. கடைசி அத்தியாயம் அவரு எழுதினது. அவரு வாசல்ல உக்காந்திருக்கறதா எழுதியிருக்காரு. ஆள் அனுப்பிப் பாருங்க. பொய்யின்னா என்னைக் கேளுங்க."

அதிகாரி நின்றபடியே படிக்கத் தொடங்கினார். மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழாவது பக்கத்தில், "குளிக்கறப்ப எங்க இருப்பாரு?" என்று மட்டும் கேட்டார். ஒட்டடை சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டு காவலர்கள் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள். வாசற்கதவு சுவரில் சாய்ந்திருக்கிறது. மொட்டை மாடியில் கதவுகள், பெரியதும் சின்னதுமாக, வரிசையாகத் துணி போட்டு மூடி அடுக்கியிருக்கின்றன. வாசலில் ஒரு நாற்காலி. அதில் ஆள் இல்லை.

புகார் பதிவானது. ஒட்டடை தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். கடைவாய் அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலில் படித்தாள்.

அவனை மறுநாள் அவனுடைய அலுவலகத்தில் பிடித்தார்கள். வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தான். "என் மனைவி கதை எழுதுவாங்க சார், கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி" என்றான். இரண்டு மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கு நடக்கிறது.

7

அந்த இரண்டு சொற்களுக்காகக் கடைவாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு? நான் எழுதினது அதவிட மோசம்" என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள், ஒட்டடையிடம் கேட்டுவிட்டுத்தான். பிறகு குழுவில் அறிவித்தேன்: கதவுகள் பற்றி எழுதுகிறேன், நாம் எப்படிப் படித்தோம் என்பதையும் சேர்த்து.

முடிவை எழுதினேன். ஒட்டடை இப்போது எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், என்ன வேலை செய்கிறாள், காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்கிறாள், எல்லாம் இருந்தது. என் எழுத்திலேயே நல்ல இரண்டு பக்கம் அது. அச்சுக்கு அனுப்ப உறையில் போட்டேன்.

போன வாரம் எனக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. புதுக் கணக்கு, படம் இல்லை.

"ஐயா, வணக்கம். உங்கள் கதைக்காகக் காத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் சின்னச் சின்ன விவரங்களைக்கூட விடமாட்டீர்கள் என்று தெரியும். முடிவில் அவள் எங்கே இருப்பதாக எழுதப்போகிறீர்கள்?"

ஆச்சரியக்குறி இல்லை.

படித்துவிட்டு நான் முதலில் செய்தது, எழுந்துபோய் என் வீட்டு வாசற்கதவைத் தொட்டுப் பார்த்தது. பிறகு உறையைப் பிரித்து, அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து, அடுப்பில் போட்டேன். கருகி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

இவ்வளவு தூரம் வந்த வாசகர்களே, உங்களுக்கு முடிவு தரவேண்டியது என் கடமை. தரமுடியாது. உங்களில் ஒருவன் அவன். இந்த வரியை அவனும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் என்னை மன்னியுங்கள்.