இரைச்சல் நின்ற கம்ப்யூட்டர்

செத்த வீட்டில் ஸ்குரூடிரைவருக்கு என்ன வேலை என்று முணுமுணுக்காதவர்கள் பாக்கியில்லை. கம்ப்யூட்டர் கடை குமாரதாஸ் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஆன்ட்ரூஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சவப்பெட்டியில் அவன் அம்மை வியாகுலம்மாள். கொஞ்சம் தள்ளி மேசையில் இந்தக் கூத்து.

வேறு வழியும் இல்லை. குவைத்திலிருக்கும் தம்பி அபினுக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியை மூடி மாதா கோவிலுக்கு எடுக்கும்முன் ஸ்கைப்பில் அம்மையின் முகத்தைக் காட்டச் சொல்லி போனில் அழுதான். காட்டலாமென்றால், பழைய கம்ப்யூட்டர் சூடேறிச் சூடேறி அணைந்துபோனது.

"இந்த ஃபேன எப்பவோ மாத்தியிருக்கணும்லா. பேரிங் போயில்லா கெடக்கு" என்றார் குமாரதாஸ். தூசியைத் தட்டி, பிராசசர்மேல் காய்ந்திருந்த பசையைத் துடைத்துப் புதுசு தடவி, புது ஃபேனை வைத்து முறுக்கினார்.

அபினும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். "அண்ணா, மில்லு ஓடுத மாதிரி இரையுது. நீங்க சொல்லது ஒண்ணும் கேக்கல்ல." ஆன்ட்ரூஸ் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த இரைச்சல் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. திரையில் தம்பி பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்கும் மனைவி ஷிபாவிடம் நினைத்ததைச் சொல்லிக்கொள்ளலாம். அம்மையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "சொகமாட்டு இருக்காவ மக்கா" என்று உரக்கக் கத்துவான்.

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லை. திரையில் வந்த அபின் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அம்மா, ஒனக்க பக்கத்துல இருக்க எனக்குக் குடுத்துவைக்கல்லியே!"

ஆன்ட்ரூஸுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் ஷிபா பக்கம் திரும்பினான்.

"அழுகையப் பாரு. முதுகெல்லாம் புண்ணு வந்து நாறுனப்போ மூக்கப் பொத்திட்டுக் கெடந்தது நாமல்லா. போய்ச் சேந்தது நமக்கு நிம்மதியாக்கும்."

ஷிபா அவன் கையைக் கிள்ளினாள். ஜெபமாலை நின்றிருந்தது. திரையில் அபினின் அழுகையும் நின்றிருந்தது.

"அண்ணா, அம்மைக்குப் புண்ணு இருந்துதா?"

"ஒனக்கு மனசு வெஷமம் ஆயிருமேன்னுதான் மக்கா..."

அதுவும் பொய்தான். தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுவான், யார் கிடந்து அலைவது என்றுதான் மறைத்தான். இத்தனை பேர் நடுவில் உடம்பே கூசியது அவனுக்கு.

அபின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "செரிண்ணா. முகத்தக் காட்டுங்க" என்றான்.

கேமரா வயர் எட்டாததால், ஆட்கள் பெட்டியைத் தூக்கி மேசைப்பக்கம் வைத்தார்கள். ஷிபா கேமராவைப் பிடித்தாள்.

"அண்ணா, நீங்களும் அம்மைக்க பக்கத்துல நில்லுங்க."

நின்றான். திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் அம்மையின் முகமும் அதையொட்டி அவன் வேட்டியும் தெரிந்தன.

"கொஞ்சம் குனியுங்கண்ணா, ஒங்க முகமும் தெரியட்டும்" என்றான் அபின்.

ஆன்ட்ரூஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.