குதிரை நின்ற தடம்

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அடுத்த அறையில் மகள் அவருடைய பழைய பேன்ஜோவை மடியில் போட்டு, அந்தத் தந்தி வாத்தியத்தின் முகத்தோலை இழுத்துப் பிடிக்கும் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனை நான்தான் வாசிச்சு அனுப்பணும்," வெளியே சித்தப்பா நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். "பாவம், அவருக்கு வாத்தியம் வாங்கத் தெரிஞ்சுது, வாசிக்க வரலை. காது அப்படி."

பிணத்தின் தலைமாட்டிலும் கடை விரிக்கத் தெரிந்த மனுஷன்.

அந்தக் காதுக் கதைக்கு மகளைவிட வயது அதிகம். இளவயதில் அப்பா முதல்முறை இசைக்குழுவோடு மேடையேறினார். வெறும் தந்தியைத் தட்டினால் தேன். விரல் வைத்து அழுத்தினால் அத்தனையும் அபசுரம். சபை சிரித்தது. மறுநாளே அவர் நாற்காலியில் தம்பி உட்கார்ந்தார், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. பேன்ஜோ பரணுக்குப் போனது.

மகள் வாத்தியம் பழுதுபார்ப்பவள். போன வாரம்தான் அதை இறக்கினாள். துருவைத் தேய்த்துவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரையை எடுத்தாள். அந்த மரத்துண்டை யாரும் ஒட்டுவதில்லை. தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கும். அடியில் தோலில் இரண்டு தடங்கள். ஒன்று வாசித்து வாசித்து வழவழத்தது. விரற்கடை தள்ளி மற்றொன்று, பரணில் வருஷக்கணக்கில் குதிரை அசையாமல் நின்று பள்ளம் விழுந்தது. குதிரை இடம் மாறினால் வெறும் தந்தி காட்டிக்கொடுக்காது. விரல் வைத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

நேற்றுக் காலை, படுக்கையில் கிடந்த அப்பாவிடம் கேட்டாள்.

"அன்னிக்கு மேடையேறுறதுக்கு முன்னாடி இதை யாருப்பா தொட்டாங்க?"

"தம்பிதான் சுதி சேர்த்துக் கொடுத்தான். ஏம்மா?"

காட்டினாள். அவர் பள்ளத்தை விரலால் தடவினார். மூச்சு இழுத்துக்கொண்டே, "அப்போ... எனக்குக் காது இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுப்பா."

மதியம் போய்விட்டார்.

"ஆச்சாம்மா?" சித்தப்பா கதவைத் தட்டினார்.

"இதோ, சித்தப்பா." வழவழத்த தடத்தில் தான் திருப்பி வைத்திருந்த குதிரையைப் பள்ளத்துக்குத் தள்ளினாள். வெறும் தந்திகளை மட்டும் பொறுமையாகச் சுதி சேர்த்தாள்.

அவர் வாங்கி ஒரு மீட்டு மீட்டினார். "அடடா, கைன்னா இது கை!" என்று மகளை மெச்சிவிட்டு விரல் வைத்தார். கூடத்துக்கே பல் கூசியது. சிரித்து மழுப்பி மறுபடி வாசித்தார். குழுவின் பழைய டிரம்காரர் தாளம் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். கை குதிரையை நோக்கி ஊர்ந்தது.

"நகர்த்துங்க சித்தப்பா," மகள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எது எங்க இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாததா? எல்லாரும் பாக்கட்டும். அன்னிக்கு மேடையில கூட இருந்தவங்களும் வந்திருக்காங்க."

கை நின்றது. அவர் அவளைப் பார்த்தார்; டிரம்காரரைப் பார்த்தார்.

"வயசாச்சு," என்றார், எல்லோருக்கும் பொதுவாக. "எனக்குக் காது போச்சு."

யாரும் மறுக்கவில்லை. டிரம்காரர் எழுந்து வந்து, அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார். பிறகு காதோரம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"டீ... குடிக்கிறீங்களா?"

சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.