கட்டில் கொக்கி

வராந்தாவில் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டதும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையற்காரம்மா கட்டில் கொக்கியிலிருந்து சிறுநீர்ப் பையைக் கழற்றி மடியில் வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டாள்.

போன முறையும் இப்படித்தான் செய்தாள். பிறகுதான் காய்ச்சல் வந்தது. "பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும்மா. மேல தூக்கினா, வெளிய வந்தது கிருமியோட திரும்பி உள்ள போயிடும்" என்று முதியோர் இல்லத்து நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமைவரை காய்ச்சல் வராவிட்டால் சிறுநீர்க் குழாயை எடுத்துவிடலாம் என்றிருந்தார் டாக்டர். வந்தால், இன்னும் எத்தனை நாளோ.

ஆனாலும் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரி முன்னால் மூத்திரப் பையோடு உட்காருவதா?

சம்பந்தியம்மா வந்ததும் காலியாக இருந்த கொக்கியில் தன் கைப்பையை மாட்டினாள்.

"வசதியாத்தான் வச்சிருக்காங்க. உங்க மக இப்ப நல்லா சமைக்கிறா சம்பந்தி. உப்புதான் எப்பவும் கம்மி."

"எங்க வீட்ல சரியாத்தான் போட்டா. உங்களப் பாத்ததும் கை நடுங்குதோ என்னவோ."

இருவரும் சிரித்தார்கள். மடியில் பை வெதுவெதுப்பாகக் கனத்தது.

நர்ஸ் உள்ளே வந்தாள். கொக்கியில் கைப்பை. போர்வைக்குள் மேடு. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போர்வைய எடுத்துடட்டுமாம்மா?"

"குளிருது."

"வேர்த்து ஊத்துதே."

தையற்காரம்மா போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். நர்ஸ் குனிந்து, "திங்கக்கிழமைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

தையற்காரம்மா கொக்கியில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள்.

"சம்பந்தி, உங்க பைய எடுங்க. அந்தக் கொக்கி என்னுது." தையற்காரம்மா போர்வையை விலக்கினாள்.

நர்ஸ் கையைக் கழுவி உறை மாட்டிக்கொண்டு பையைக் கொக்கியில் தொங்கவிட்டாள். தரையில் படுகிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இதையா இவ்வளவு நேரம் கட்டிப்பிடிச்சிட்டு இருந்தீங்க?" என்றாள் சம்பந்தியம்மா. "ஏதோ பலகாரம், எனக்குக் குடுக்க மனசில்லன்னு நினைச்சேன்."

"குடுத்திருந்தா அதுலயும் உப்பு கம்மின்னு சொல்லியிருப்பீங்க."

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. முதுகைத் தட்டப் போன நர்ஸும் சிரித்துவிட்டாள்.

பிறகு நர்ஸ் தையற்காரம்மாவின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தாள். சம்பந்தியம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இப்போதைக்குக் காய்ச்சல் இல்ல" என்றாள் நர்ஸ். "சாயங்காலம் மறுபடி பாக்கணும். தண்ணி குடிங்க."

சம்பந்தியம்மா எழுந்துபோய்த் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.